ஒச்சப்பன் கொடுத்த கட்டை

தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவானே ஒச்சப்பன், அவன் பிழைப்புக்கே ஒருநாள் வேட்டு வைக்கப் பார்த்தார் கோயிலுக்குப் புதிதாக வந்த அதிகாரி. இறக்கத்தில் தேரை நிறுத்தச் சொல்லி, அதன் முன்னால் போட்டோவுக்கு நின்றார். சக்கரத்தடியில் ஒச்சப்பன் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணை உறுத்தியது.

"யோவ், அப்ஸ்ட்ரக்‌ஷனா உக்காந்திருக்க. எந்திரி! இனிமே தேர்ப்பக்கமே வராத."

"அப்படின்னா என்னங்கய்யா?"

"போறதைப் போகவிடாம மறிக்கிறதுய்யா."

"அதைத்தானேங்கய்யா எங்கப்பன் காலத்துலருந்து செய்யுறோம். வேணாம்னா எடுத்துடறேன்" என்று கட்டையை அசைத்தான். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் தேர் முனகியது.

"ஐயோ, மறிய்யா, மறி!"

"இன்னைக்கு மட்டுமாங்கய்யா?"

"எல்லா வருசமும் மறிய்யா!" என்று கத்திக்கொண்டே அதிகாரி ஓரத்துக்கு ஓடினார்.

அவர் ஒதுங்கிய பிறகுதான் தேருக்கு வழி கிடைத்தது.