நாள்தோறும் பாய்ந்த மான்

மருதங்குளத்து மான்கள் காலையில் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, துள்ளி என்ற பெண்மான் அதிர்ந்துபோனது. இதற்குப் பெயர் ஓட்டமா? முப்பது மான்களும் குளத்தைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட மூச்சு வாங்கவில்லை.

துள்ளி காட்டுக்குப் புதிது. மலையடிவாரத்துப் பங்களா ஒன்றின் வேலிக்குள் பிறந்து வளர்ந்த மான் அது. வேளாவேளைக்குத் தழை வந்து விழும். இருபது அடிக்கு மேல் ஓட இடமும் இல்லை, அவசியமும் இல்லை. காற்றில் மரம் விழுந்து வேலி சாய்ந்தபோது வெளியே வந்து இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இங்கேயோ, குளம் வற்றத் தொடங்கியதும் செந்நாய்கள் வரும். ஓடத் தெரியாத மான் அன்றோடு சரி. அதற்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

கூட்டத்தின் வழக்கத்தை நீலி என்ற மான் சொன்னது. நான்கு நாள் காலையில் மெல்லோட்டம். ஐந்தாம் காலை மட்டும் மருதமரத்திலிருந்து கரையான் புற்றுவரை நாலைந்து தடவை பாய்ச்சல். அப்புறம் மறுபடியும் மெல்லோட்டம்.

“பேசிக்கிட்டே ஓட முடியணும்டி, அதுதான் அளவு. மூச்சு முட்டுச்சுன்னா வேகத்தைக் குறைச்சிடு,” என்றது நீலி.

துள்ளிக்கு இது கேவலமாகப் பட்டது. செந்நாய் என்ன பேசிக்கொண்டா துரத்தும்? மறுநாளே தனியாகப் போய்ப் புற்றுவரை பாய்ந்தது. திரும்பப் பாய்ந்தது. நாக்குத் தள்ளும்வரை பாய்ந்தது.

மரத்தில் ஒரு வால்காக்கை உட்கார்ந்திருந்தது. காக்கையைவிடச் சின்ன உடம்பு, உடம்பைவிட நீளமான வால், வாலைவிட நீளமான நாக்கு. இப்படி ஒரு பாய்ச்சலை இந்தக் காட்டிலேயே பார்த்ததில்லை என்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஆஜர். நேற்று நீ புற்றைத் தொடுவதற்குள் முப்பது தடவை சிறகடித்தேன், இன்றைக்கு இருபத்தாறுதான் என்று எண்ணிச் சொல்லும். துள்ளிக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரம் வேகம் நிஜமாகவே கூடியது. இரண்டாம் வாரம் கணக்கு இருபத்தாறிலேயே நின்றது. பிறகு முப்பத்தைந்துக்கு ஏறியது. இடது பின்னங்கால் வீங்கிவிட்டது. காலையில் எழுந்து நிற்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நீலி பதறிப்போய், நாலு நாளாவது மெதுவாக ஓடு, இல்லாவிட்டால் பேசாமல் படுத்துக்கொள் என்று கெஞ்சியது. வலிக்கிறது என்றால் காலில் பலம் ஏறுகிறது என்று அர்த்தம் என்றது வால்காக்கை. துள்ளி யார் பேச்சைக் கேட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

இருபதாம் நாள் விடிந்ததும் செந்நாய்கள் வந்தன. மொத்தம் ஒன்பது.

மான்கள் ஒரே பாய்ச்சலில் விலகின. இடைவெளி கிடைத்ததும் மெல்லோட்டத்துக்கு மாறின. நாய் நெருங்கியபோது மறுபடியும் பாய்ந்தன. துள்ளியும் பாய்ந்தது. புற்றுவரைகூடப் போக முடியவில்லை, கால் மடங்கிவிட்டது. எழுந்து திரும்பிப் பார்த்தால், ஒன்பது நாய்களும் மற்ற மான்களை விட்டுவிட்டு நேராக அதை நோக்கி வருகின்றன. இத்தனை பேரில் என்னை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தன? துள்ளி திகைத்து நின்றது.

தலைக்கு மேலே, நாய்களைப் பார்த்துச் சொல்லும் குரல் கேட்டது.

“நான் சொன்னது இதைத்தான். இடது பின்னங்கால்.”

வால்காக்கை! செந்நாய்கள் தின்றுவிட்டுப் போட்ட எலும்பைக் கொத்தித்தான் அது கோடையை ஓட்டுகிறது என்பது, வேலிக்குள் வளர்ந்த மானுக்கு எப்படித் தெரியும்? துள்ளிக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை.

“நீ... தினமும் எனக்காக எண்ணினியே,” என்றது.

“எண்ணிக்கை எப்போ ஏறும்னுதான் எண்ணினேன்,” என்றது வால்காக்கை.

குன்றின்மேல் போய் நின்ற கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. “ஓடத் தெரியாம சாகலை அவ,” என்றது நீலி. “ஓடி ஓடியே செத்தா.”

புதிதாக ஓடப் பழகுகிறவர் பல நாள் மெல்ல ஓடிச் சில நாள் மட்டும் விரைந்து ஓடினால்தான், உயிரைக் காக்க ஓட வேண்டிய நாளில் கால் கூட வரும்.