முப்பத்திநாலாம் கம்பத்தில் ஒரு டீ

“மேடம், ஒரு பதிவேட்டைப் பார்த்ததுமே அது நெசமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

கேட்டவர் தருமலிங்கம். வயது ஐம்பத்திமூன்று. எரிவாயுக் குழாயைப் பார்த்துப் பதிவேடு எழுதுகிற ஊழியர்.

கேட்கப்பட்டவர் மெஹருன்னிசா. வயது நாற்பது. குழாய்ப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருந்தார். பதிவேடு அவர் முன்னால் மேசைமேல் இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

“யாருக்காகக் கேக்குறீங்க சார்?”

“சும்மா, பொதுவாத்தான்.”

“பொதுவாக் கேக்குறவங்களுக்கு உள்ளங்கை இப்படி வேர்க்காதே.”

தருமலிங்கம் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் வேர்த்தது.



“டீ குடிச்சுப் பார்ப்பேன்,” என்றார் மெஹருன்னிசா.

சிரிக்க வேண்டுமா, கூடாதா என்று தருமலிங்கத்துக்குத் தெரியவில்லை. பாதி சிரித்து வைத்தார்.

*

அந்தக் கடற்கரைப் பக்கம் நாற்பது ஊர்களுக்கு அடியில் ஓர் எரிவாயுக் குழாய் போகிறது. ஆள் ஆழத்தில் புதைத்தது. இரும்பு.

மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைத் துரு தின்னாமல் இருக்க, அதற்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கக் கிலோமீட்டருக்கு ஒரு கம்பம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் மீட்டரோடு போய், கம்பத்தடியில் மண்ணை நனைத்து, செம்புக் குச்சியை ஊன்றி, ரீடிங் எடுத்து எழுத வேண்டும். 0.85 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இரும்புக்குக் காவல் இல்லை என்று அர்த்தம்.

துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது வேலையில் பாதி. பார்த்துக்கொண்டோம் என்று எழுதி வைப்பது மீதிப் பாதி.

தருமலிங்கத்துக்கு இரண்டாம் பாதி ரொம்ப நன்றாக வரும்.

முதல் பாதியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரே மெஹருன்னிசாதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பயிற்சி கொடுக்க வந்த சின்னப் பெண் வயல் சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, “குச்சியை இப்படிப் பிடிங்க சார்” என்று காட்டினாள். அன்றைக்கே தருமலிங்கம் அவளை மனசுக்குள் வாத்தியாராக வைத்துவிட்டார். தன்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அந்த வாத்தியார் முன்னால்தான் இப்போது நின்றுகொண்டிருந்தார்.

*

முப்பத்தொன்றாம் கம்பத்திலிருந்து முப்பத்தாறு வரைக்கும் இறால் குட்டைகள் வந்துவிட்டன. வேலி போட்டார்கள். நாய் கட்டினார்கள். பாதை போயிற்று.

முதல் தடவை புயல் மழை. நிஜமாகவே போக முடியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தே ஆறு கம்பத்துக்கும் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததுதான் வினையாகப் போயிற்று. இரண்டரை வருடமாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் எழுதியதை அரைகுறையாக எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது. கோடையில் மண் காயும் என்று எண்ணைக் கொஞ்சம் இறக்கினார். ஐப்பசியில் கொஞ்சம் ஏற்றினார். மூன்று பேனா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினார். கட்டைவிரலில் சேற்றைத் தொட்டுப் பக்கத்தின் ஓரத்தில் ஓர் ஒற்று ஒற்றுவார். அது அலுவலகத்துப் பின்பக்கக் குழாயடிச் சேறு.

இவ்வளவு சிரத்தையை நடந்து போவதில் காட்டியிருக்கலாம்.

*

மெஹருன்னிசா பதிவேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கேயும் நிற்கவில்லை.

“கையெழுத்து அழகா இருக்கு.”

“நன்றி மேடம்.”

“வாங்க, முப்பத்திநாலுக்குப் போவோம்.”



“ஏன் மேடம் முப்பத்திநாலு?”

“அங்க டீ கிடைக்குமாம். ஜீப்புக்காரர் சொன்னார்.”

“பாதை சரியில்லை மேடம். நாய் வேற இருக்கு. பன்னெண்டாவது கம்பம் பக்கத்துலயே, ரோட்டோரமாவே இருக்கு.”

“நாய் இருக்கிறது எப்படித் தெரியும்?”

“போனப்போ பார்த்தேன்.”

“எப்போ போனீங்க?”

“போன மாசம்.”

“அப்ப பாதை பழகினதுதானே,” என்று மெஹருன்னிசா பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

ஜீப்பில் தருமலிங்கம் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தார். வேலை போகும். கேஸ் போடுவார்கள். பேப்பரில் பெயர் வரும். மருமகன் வீட்டில் என்ன சொல்வார்கள்? பொய்ப் பதிவுக்கு எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள் என்று யாரிடம் கேட்பது?

பயம் பயமாக வந்தது. அத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நினைத்து வந்த பயம்.

*

ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டுக் குட்டை வரப்பில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர்.

உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று அந்த மாவட்டத்திலேயே தருமலிங்கத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அவர் தண்ணீரைப் பார்க்காமல் நடந்தார்.

கம்பம் சாய்ந்திருந்தது. பெயிண்ட் உரிந்து, எண் பாதிதான் தெரிந்தது.

கம்பத்திலிருந்து பத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. குழாய் போகும் தடத்தின்மேலேயே.

தருமலிங்கம் நின்றுவிட்டார். அவர் தலையில் இருந்த வரைபடத்தில் அப்படி ஒரு கொட்டகை இல்லை.

உள்ளே ஓர் அம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் ராசாம்பாள். குட்டையில் வேலை பார்க்கும் பதினோரு பேருக்கு மூன்று வேளையும் அவள்தான் ஆக்கிப் போடுகிறாள்.

“வாங்க வாங்க. ஆரு, கரண்ட் ஆபீசா?”

“கேஸ் குழாய் ஆபீஸ்,” என்றார் மெஹருன்னிசா.

“அப்படி ஒரு ஆபீஸ் இருக்கா? ரெண்டு வருசமா இங்கதான் கெடக்குறேன், ஒரு ஆளும் வந்து பார்த்ததில்லையே.”

தருமலிங்கம் செத்தார். அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மெஹருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்து, முப்பத்திநாலாம் கம்பத்தின் பக்கத்தை விரித்திருந்தார்.

“போன மாசம் 1.04. மண் ஈரம். நிலை நன்று,” என்று வாய்விட்டுப் படித்தார்.

அப்புறம் ராசாம்பாளைப் பார்த்தார்.

“அக்கா, ரெண்டு டீ.”

“அடுப்பு அணைஞ்சு கெடக்குது. செத்த இருங்க, பத்த வைக்கிறேன்.”

அவள் சவுக்குச் சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

*

வீட்டு சிலிண்டரில் இருக்கும் வாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அந்த நாற்றம் பிறகு சேர்ப்பது. இந்தக் குழாயில் போவதற்கு இன்னும் சேர்க்கவில்லை. அது மணக்காது, நிறமில்லை. கொட்டகை முழுக்க நிறைந்திருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

இதெல்லாம் தருமலிங்கத்துக்கு மனப்பாடம். இன்றைக்குத்தான் அது உடம்புக்குள் இறங்கிற்று.

“மேடம், எனக்கு டீ வேணாம்.”

“எனக்கு வேணுமே.”

“ரோட்டுல நல்ல கடை ஒண்ணு இருக்கு. அங்க போயிடலாம்.”

“இங்க என்ன குறை?”

“முதல்ல ரீடிங் எடுத்துடலாமா? ஜீப்புல மீட்டர் இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“எதுக்கு சார்? அதான் எடுத்திருக்கீங்களே.”

மெஹருன்னிசா காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

தருமலிங்கத்தின் பார்வை தரையில் விழுந்தது. கொட்டகை ஓரத்தில் சின்னதாகத் தேங்கிய தண்ணீர். அதில் குமிழ் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது.

“அம்மா! அது என்ன?” அவர் குரல் கீச்சென்று வந்தது.

ராசாம்பாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நண்டு வளை சார். நீங்க என்ன, நண்டே பார்த்ததில்லையா?”

வளையிலிருந்து ஒரு கால் நீண்டது. நண்டுதான்.

அவருக்கு உயிர் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. குமிழ் விட்டது நண்டு என்பது தெரிந்துவிட்டது. ஆள் ஆழத்தில், உப்புத் தண்ணீருக்கு அடியில், இரண்டரை வருடமாக யாரும் பார்க்காமல் கிடக்கும் இரும்பு என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்.

“தெனமும் இங்கதான் அடுப்பு வைக்கிறீங்களாக்கா?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

“மூணு வேளையும். இன்னும் கொஞ்ச நேரத்துல பதினோரு பேரும் சோத்துக்கு வந்து குந்துவாங்க.”

“பயமா இல்லையா?”

“என்னத்துக்குப் பயம்? ஆபீசுல எல்லாம் பார்த்துக்குவாங்கல்ல?”

மெஹருன்னிசா தருமலிங்கத்தின் பக்கம் திரும்பவில்லை. விரித்த பக்கத்தின்மேல் கையை வைத்தார். அந்தக் கை பக்கத்தின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருந்ததைத் தருமலிங்கம் பார்த்தார்.

வாத்தியாருக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் அவர் எழுதிய எண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

ராசாம்பாள் இடுப்புச் சுருக்கிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். ஒரு குச்சியை உருவினாள்.

“வைக்காத!”

அது தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று தருமலிங்கத்துக்கு உடனே தெரியவில்லை. பாய்ந்து அவள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினார். பக்கத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டார். குச்சியையும் பிடுங்கிப் போட்டார். அப்படியும் ஆறாமல் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தார்.

“அட பாவி மனுசா! குடிக்கத் தண்ணிய...”

“எந்திரிம்மா. வெளிய வா. மேடம், நீங்களும் எந்திரிங்க. ஓடுங்க!”

“ஏன் சார்? 1.04 தானே?”

“எந்திரிங்க மேடம்!”

வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

மெஹருன்னிசா எழுந்து நடந்தார்.

*

காற்று வரும் திசையைப் பார்த்து, வரப்பில் இருநூறு அடி அவர்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் போனை வெளியே எடுத்தார். வாயு இருக்கும் இடத்தில் போனைத் தொடக் கூடாது. அது அந்த வாத்தியாரிடம் படித்தது.

கண்ட்ரோல் ரூமில் ஸ்டீபன் எடுத்தான்.

“ஸ்டீபா, தருமலிங்கம் பேசுறேன். முப்பதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல லைனை மூடு. உடனே.”

“என்னாச்சு சார்? லீக்கா?”

“தெரியாது.”

“தெரியாம எப்படி சார் மூடுறது? ரெண்டு கம்பெனிக்கு சப்ளை நிக்கும். மேல இருந்து கேப்பாங்களே. எந்த இடம்?”

“முப்பத்திநாலு.”

பொத்தான் தட்டும் சத்தம் கேட்டது. ராசாம்பாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே அவரை முறைத்தாள். தூரத்து வரப்பில் ஆட்கள் சோற்றுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். தருமலிங்கம் இன்னொரு கையைத் தலைக்குமேல் தூக்கி, வராதே வராதே என்று ஆட்டினார்.

“சார், ரெக்கார்டு இப்ப என் முன்னாலதான் இருக்கு. ஒண்ணு புள்ளி சைபர் நாலு. ரெண்டரை வருசமா ஒரு தடவைகூட லிமிட்டுக்குக் கீழ இறங்கல. சுத்தமா இருக்கே சார்?”

மெஹருன்னிசா ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழும்.

“அதை எழுதினவன் நான்தாம்ப்பா,” என்றார் தருமலிங்கம். “இங்க வராமலே எழுதினேன். மூடு.”