நரைத்துப்போன ஒயின்

அறிவான்குளம் என்று ஒரு ஊர் இருந்தது. பேர் வைத்தவர் ஊரை நேரில் பார்க்கவில்லை போலிருக்கிறது. அங்கே பெண் குழந்தை பிறந்தால் அன்றைக்கே திராட்சை பிழிந்து ஒரு ஜாடி ஒயின் ஊற்றி வைப்பார்கள். அவள் நிச்சயத்தன்று ஜாடியைத் திறந்து சம்பந்திகள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தால்தான் கல்யாணம்.

ஞானப்பிரகாசத்துக்கு ஜெசிந்தா பிறந்தபோது கோயில் சாமியார் படித்துப் படித்துச் சொன்னார். "இருட்டறையில வை. ஜாடி எப்பவும் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவ ருசி பாத்துக்க."

ஞானப்பிரகாசம் சொல் தட்டாதவர். அறை இருட்டாக இருக்கிறதா என்று தினமும் அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்ப்பார். ஒரு நாள்கூட இருட்டாக இல்லை. கவலையில் சோறு இறங்கவில்லை. தம்பி இஞ்ஞாசிதான் வழி சொன்னான்.

"கண்ண மூடிக்கிட்டுப் போங்கண்ணே."

போனார். கும்மிருட்டு! நெற்றியில் புடைப்போடு, மனசு நிறையத் திரும்பி வந்தார்.

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ருசி பார்ப்பதும் நடந்தது. ஞானப்பிரகாசம் ஒரு டம்ளர். அண்ணன் நாக்கை மட்டும் நம்பலாமா என்று இஞ்ஞாசி ஒரு டம்ளர். இரண்டு பேருக்கும் தகராறு வந்தால் தீர்த்துவைக்க மச்சினன் சூசை ஒரு டம்ளர். தகராறு தீராது; மறுபடி ஒரு சுற்று. ஜாடி குறையக் கூடாதே! குடித்த அளவுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுத்து வரை நிரப்பிவிடுவார்கள். அந்த விஷயத்தில் அப்படி ஒரு நேர்மை.

ஜெசிந்தாவுக்கு இருபத்து நாலு வயதில் நல்ல இடம் அமைந்தது. சம்பந்தி தொம்மை கிளம்பிவிட்டதாக போன் வந்ததும் ஞானப்பிரகாசம் ஜாடியை வெளியே தூக்கி வந்து திறந்தார். உள்ளே கருஞ்சிவப்பைக் காணோம். ஒரே வெளுப்பு.

"நரைச்சிருச்சுண்ணே" என்றான் இஞ்ஞாசி.

"ஒயினு நரைக்குமாடா?"

"உங்க தலைய மட்டும் யாரு வெளுத்தா?"

ஞானப்பிரகாசம் தலையைத் தடவிக்கொண்டார்.

சூசை ஜாடியில் காதை வைத்தான். "நரைச்சா நரைச்சிட்டுப் போவுது அத்தான். பேச்சே இல்லையே! பிறந்த புதுசுல நுரைச்சு நுரைச்சு என்னமா பேசும்!"

ஜாடி வாயில் பஞ்சைப் பிடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. தெளிந்து எழட்டும் என்று தண்ணீர் தெளித்தார்கள். எழவில்லை.

"தவறிருச்சு" என்று சூசை தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டான்.

ஞானப்பிரகாசம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒயின் போனால் போகிறது, மகள் வாழ்க்கை? ஜெசிந்தாவோ, "என்கூடப் பிறந்ததுப்பா!" என்று ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்கள் ஒப்பாரி பிடித்தார்கள். இஞ்ஞாசி ஜாடிக்கு வேட்டி போர்த்தி, மாலை போட்டு, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினான். தலை எது என்று தெரியாததால் சுற்றிலும் ஏற்றினான்.

மனைவியும் பழத்தட்டுமாக வந்த தொம்மை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார்.

"யாருங்க?"

"எங்க வீட்டு ஒயினு."

"வயசு?"

"இருபத்து நாலு."

"அடப்பாவமே! சாகுற வயசா இது!" தொம்மைக்கும் கண் கலங்கியது. பெண் எடுக்க வந்தவரும் பெண்ணைப் பெற்றவருக்குச் சளைத்தவரில்லை. "சாவு வீட்டுல நிச்சயம் பேசக் கூடாது சம்பந்தி. முகத்த ஒரு தடவ பாத்துட்டு நாங்க கிளம்புறோம்."

தொம்மை வேட்டியை விலக்கிக் குனிந்தார். துள்ளிப் பின்வாங்கினார்.

"யோவ், உசுரு இருக்கு! கண்ணச் சிமிட்டுறாருய்யா!"

"நல்லாப் பாருங்க சம்பந்தி!"

"பெரிய மனுஷன்யா. நரைச்ச மீசை. நான் கும்பிட்டா அவரும் கும்பிடுறாரு. என்னா மரியாதை!"

அவர் மனைவி மிக்கேலம்மாள் அவரைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். "மீசையா? கண்ணு அவிஞ்சா போச்சு? லட்சணமான பொம்பளைங்க இது!"

"ஆம்பளடி!"

"பொம்பளைங்கறேன்!"

"ரெண்டு பேரும் சேந்து பாருங்களேன்" என்றான் சூசை.

சேர்ந்து குனிந்தார்கள். சேர்ந்தே நிமிர்ந்தார்கள்.

"புருஷன் பொண்டாட்டி" என்றார் தொம்மை பயபக்தியாக. "இப்படித் தம்பதியா பெரியவங்க இருக்கற வீட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும். தட்ட மாத்துங்கய்யா!"

"ஒயின் குடிச்சாத்தானே நிச்சயம்?" என்று ஞானப்பிரகாசம் கேட்டார்.

"பெரியவங்கள எடுத்துக் குடிக்கறதா? பாவம்யா! அவங்களுக்கு மொதல்ல காப்பியக் குடு."

தட்டு மாறியது. சொம்பு நிறையக் காப்பி வந்தது. தொம்மையே தன் கையால் ஜாடிக்குள் ஊற்றினார். மறுபடி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கலங்கிக் கிடந்தது. ஒருத்தரையும் காணோம்.

"எங்க போயிட்டாங்க?"

இஞ்ஞாசி கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு மணி பஸ்ஸுண்ணே. காப்பி குடிச்சதும் கிளம்பிட்டாங்க."

"வெத்தல பாக்கு வாங்காமலா!" என்று பதறிய ஞானப்பிரகாசம், தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.