பூஜ்யம் வராத திரை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில், கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றை ஜெபசீலி நடத்தி வந்தாள். முப்பது வயதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. தாடிக்குப் பதில் அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது.

சீடர் தாணுலிங்கத்துக்கோ மீசை நரைத்துவிட்டது. டுடோரியலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். டுடோரியலை மூடிவிட்டார்கள். மூடியபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பேரன் எடுக்கிற வயதில் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க அவளிடம் வந்தார். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இருவருக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை.

தாணுலிங்கத்துக்கு மனம் ஆடினால் கால் ஆடும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவர் ஆட்டிய ஆட்டத்தில் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

விஷயம் இதுதான். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடு தேடி நர்ஸ்களை அனுப்பும் அறக்கட்டளை ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. நோயாளிகள் அதிகம், நர்ஸ்கள் கொஞ்சம். அடுத்த வாரம் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்களுக்குள் தினம் ஒரு சண்டை. அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவர் தாணுலிங்கம்.

டேட்டாபேஸிடம் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்த மாதம் நர்ஸ்கள் போன வருகைகளை எடு. ஆள்வாரியாகச் சேர். எண்ணு. குறைந்த எண்ணிக்கை உள்ளவரை மேலே வை. ஃபிரேம்வொர்க் என்கிற தயார்க் கருவித்தொகுப்பில் இதை எழுதுவது பூக் கட்டுவது மாதிரி, ஒன்றோடு ஒன்றைத் தொடுத்துக்கொண்டே போகலாம். குறைவாகப் போன வீட்டுக்கு முதலில் போவார்கள். சிபாரிசு கிடையாது, முகதாட்சண்யம் கிடையாது. அந்தப் பக்கத்தை எழுதிய நாளிலிருந்து தாணுலிங்கம் நியாயத்துக்கே சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் சொரிமுத்து என்று ஒருவர் அறக்கட்டளைக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவி பேச்சியம்மாளைப் பார்க்க ஒரு நர்ஸும் வரவில்லை என்பது அவர் புகார். நர்ஸ்களுக்குப் பொறுப்பாளரான சிஸ்டர் லீதியாள் இதை விசாரித்தபோது, தாணுலிங்கம் திரையில் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, மிகக் குறைந்த எண்ணிக்கையே ஒன்றுதான், பூஜ்யம் என்று யாருக்கும் இல்லை, அந்த மனுஷர் மறந்திருப்பார் என்று சொல்லிவிட்டார். சிஸ்டருக்கு அலுத்துப்போய், கம்ப்யூட்டர் சாரையே கேளுங்கள் என்று சொரிமுத்துவிடம் இவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

அவர் கூப்பிட்டது அன்று காலையில்.

"முதுகெல்லாம் புண்ணு சார். பேரு குடுத்தாச்சு. அடுத்த வாரம் வருவாவ, அடுத்த வாரம் வருவாவன்னே சொல்லுதாவ."

தாணுலிங்கம் பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில், யார் வீட்டுக்கும் போகாமல் விடவில்லை என்று திரை காட்டுவதை எடுத்துச் சொன்னார். எதிர்முனையில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"அப்போ நான் கடைக்குப் போன நேரத்துல வந்துட்டுப் போயிருப்பாவளோ, சார்? பேச்சிக்கு வாய் விழுந்துபோச்சு. அவகிட்ட கேக்கவும் முடியாது."

இதைக் கேட்டதிலிருந்துதான் அந்தக் கால் ஆட்டம். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அந்த மனுஷர் தன் கண்ணை நம்பாமல் இவருடைய திரையை நம்பியது அவரைப் பிடுங்கித் தின்றது. எழுந்து நடந்தார். டீ குடித்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பூஜ்யம் இல்லை. நர்ஸ்கள் போகவேண்டிய வீடுகளின் அடுத்த வாரச் சுற்றுப் பட்டியல் மாலை ஐந்து மணிக்குள் சிஸ்டருக்குப் போயாக வேண்டும்.

பொறுக்க முடியாமல் ஜெபசீலியின் மேஜைக்கு முன் போய் நின்றார்.

"மேடம், இந்த ஆளு பொய் சொல்லுதாரா, இல்ல திரை பொய் சொல்லுதா?"

ஜெபசீலி எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்று கையைத் தட்டினாள்.

"இன்னைக்கு ஆபீசுக்கு வராதவங்கல்லாம் கை தூக்குங்க."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை. மூலையில் விக்டரின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அவனுக்கு அம்மை போட்டிருந்தது.

"பாத்தீயளா அண்ணாச்சி, எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தாணுலிங்கம் விக்டரின் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இடத்துக்கு ஓடினார். ஓடினார் என்பது மிகையில்லை, நாற்காலி காலில் இடித்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், வாத்தியாருக்குச் சறுக்காதா? அவர் கேட்ட கேள்வி வருகைகளிலிருந்து தொடங்கியது. வருகையே இல்லாதவருக்கு அங்கே வரியே கிடையாது. வரி இல்லாதவரை எங்கே போய் எண்ணுவது?

கேள்வியைத் திருப்பிப் போட்டார். நோயாளிகளிலிருந்து தொடங்கினார். வருகைகளை லெஃப்ட் ஜாயினில் பக்கத்தில் சேர்த்தார். ஜோடி இல்லாத வரியையும் தள்ளிவிடாமல் கொண்டு வருவதுதான் அந்தச் சேர்ப்பின் குணம். கடைசியில், இந்த மாதம் மட்டும் என்று வடிகட்டும் பழைய ஃபில்டரையும் மறக்காமல் வைத்தார். பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

மிகக் குறைந்த எண்ணிக்கை ஒன்று. பேச்சியம்மாள் இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் சொன்னால் மரியாதையாக இருக்காது. வரிகளை மேலும் கீழும் மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், அது என்ன பாவம் செய்ததோ. நடுவில் சிஸ்டர் லீதியாள் கூப்பிட்டு, சுற்று தயாரா, நர்ஸ்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றாள். தாணுலிங்கம் இதோ இதோ என்றார். கீழே மில் ஓடுகிற சத்தம் தலைக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது.

மறுபடியும் குருவிடம் வந்தார். அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவருக்கும் ஒன்று நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு தின்ன மறந்து நின்றார்.

"ஒருத்தர் விடாம எல்லாரையும் கூப்பிட்டாச்சு மேடம். அப்பவும் அந்த அம்மா வரலை."

ஜெபசீலி முறுக்கை மென்று முடித்துவிட்டு, தன் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தாணுலிங்கத்துக்கு அழுகை வராத குறை. மணி நாலைத் தாண்டிவிட்டது, இப்போது கல்யாணக் கதையா?

பெரியப்பா வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து ஊர் முழுவதையும் அழைத்தாராம். ஒரு வீடு விடவில்லை. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் மச்சினனைப் பந்தல் வாசலில் உட்கார்த்தி, சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணு என்று சொன்னாராம். மச்சினன் சொன்ன சொல் தவறாதவர். வாசலுக்கு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, வலது கையை வாங்கி மோந்து பார்த்தார். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட வெளியே போய்த் திரும்பியவர்களின் கையில் சாம்பார் வாசம் அடித்தது. அவர்களை எண்ணி உள்ளே விட்டார். வாசம் அடிக்காதவர்களை, நீங்கள் சாப்பிட்டவர் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"சாயங்காலம் பெரியப்பா கேட்டாரு, யாராச்சும் பட்டினியாப் போனாங்களா மாப்ளேன்னு. அவரு நெஞ்சுல கை வெச்சுச் சொன்னாராம், என்னைத் தாண்டிப் போனவங்கள்ல ஒருத்தர்கூடப் பட்டினி இல்லை அத்தான்னு."

தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

"மச்சினனை என்ன செஞ்சாரு? தொரத்திட்டாரா?"

"தொரத்துவானேன்? எண்ணுறதுல அவரு கெட்டிக்காரரு. அடுத்த கல்யாணத்துல வாசல்ல நிக்க விடலை, அவ்வளவுதான். எல்லாரையும் உக்கார வெச்ச பெறகு, இலையைப் பாத்து எண்ணச் சொன்னாரு."

அவர் திரும்பி நடந்தார். இந்த முறை ஓடவில்லை. திரையில் தன் கேள்வியின் கடைசி வரியைப் பார்த்தார். இந்த மாதம் மட்டும் என்ற ஃபில்டர் அங்கே வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு வருகையும் இல்லாதவருக்குத் தேதி ஏது? தேதி இல்லாதவரை அது திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அந்த வரியை வாசலிலிருந்து எழுப்பி, வருகைகளைச் சேர்க்கிற இடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அழுத்தினார்.

முதல் வரியில் பேச்சியம்மாள். பக்கத்தில் பூஜ்யம்.

அவளுக்குக் கீழே இன்னொரு பூஜ்யம். அதற்குக் கீழே இன்னொன்று. திரையின் பாதி வரைக்கும் பூஜ்யங்களாக இருந்தன. எந்தப் பெயரையும் தாணுலிங்கம் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவர்களில் யாரும் அழவில்லை. ஒரே ஒருத்தர் அழுதார், அவரையும் மறதிக்காரர் என்று சொல்லியாகிவிட்டது. தாணுலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கமில்லை, காது மடல் சுட்டது.

சிஸ்டரைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். அவள் திட்டவில்லை. நாளைக் காலையிலேயே எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பலாம், ஆனால் தூரத்து ஊர்கள், வீட்டில் ஆள் இருப்பார்களா என்று கேட்டுவிட்டால் நல்லது என்றாள். தானே கேட்பதாக அவர் ஒப்புக்கொண்டார்.

சொரிமுத்து முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நீங்க கடைக்குப் போன நேரத்துல யாரும் வந்துட்டுப் போகலை. நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. நாளைக் காலைல நர்ஸம்மா வருவாங்க."

"நாளைக்கு நான் கடைக்கே போகலை சார். வாசல்லயே உக்காந்திருக்கேன்."

தாணுலிங்கம் போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். ஒரு வீட்டில் மகள் எடுத்தாள். ஒரு வீட்டில் நோயாளியே எடுத்து, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்கக் கேட்க இவருக்கு உடம்பில் பலம் வந்தது. கால் ஆடுவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. பக்கத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

கடைசிப் பெயர் ஆவுடையம்மாள். துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அப்படியே. ஐந்து மணி ஆகப்போகிறது. ஜெபசீலி பையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

தாணுலிங்கம் சிஸ்டர் லீதியாளைக் கூப்பிட்டார். குரலில் பழைய கணக்கு வாத்தியாரின் தெளிவு திரும்பியிருந்தது. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், சுற்றை அனுப்புகிறேன் என்றார்.

"ஆவுடையம்மாள்னு ஒருத்தங்க மட்டும் போனை எடுக்கலை சிஸ்டர். வீணா அலைய வேண்டாம். அவங்களை எடுத்துருதேன், அடுத்த வாரம் பாத்துக்குவோம்."

ஜெபசீலி படியில் வைத்த காலை எடுத்துத் திரும்பினாள்.

"ஏன் அண்ணாச்சி, அவங்க கையில சாம்பார் வாசம் அடிக்கலியோ?"