ராஜா மேல் பொரி விழவில்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி செங்கழனி நாட்டை அதிவீரன் என்று ஒரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் "நீ நம்ம ஆளா?" என்று கேட்காமல் யார் கையிலும் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

அப்போது நீதிபதி நாற்காலி காலியாகக் கிடந்தது. காத்தாயி என்ற விவசாயி அரண்மனை வாசலிலேயே பழியாகக் கிடந்தாள். தன் தோட்டத்துக்குத் தண்ணி வேணும் என்று ராஜா அவள் வாய்க்காலை அடைத்துவிட்டார். வயலில் நெல் கருகிக்கொண்டிருந்தது. வழக்கே ராஜா மேல்தான்.

சேனாபதி மழவராயருக்கு அமைச்சர் திருமேனியாரைக் கண்டாலே ஆகாது. அமைச்சர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, என் மச்சான் பூவராகன் இருக்கான். சட்டம் கொஞ்சம் கம்மி. ஆனா முழுக்க முழுக்க நம்ம ஆளு."

"அப்போ அவனையே போடு!"

திருமேனியார் தலையாட்டினார். "போடலாம் மகாராஜா. நாளைக்குச் சேவற்கட்டு இருக்கே, அதுக்கு முதல்ல அவரே தீர்ப்புச் சொல்லட்டும். பழகின மாதிரி இருக்கும்."

"பாத்தீங்களா, அமைச்சரே ஒத்துக்கிட்டார்!" என்று மழவராயர் மீசையை முறுக்கினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஜெயித்தவர் சேவலைத் தோளில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி வருவார். சனங்கள் அவர் மேல் பொரி வீசுவார்கள். அதற்காகவே ராஜா தன் கையால் தீனி போட்டு ஒரு சேவல் வளர்த்தார்.

மறுநாள் களத்தில் எதிரில் கொல்லர் உலகனின் சேவல். இரண்டையும் கீழே விடக்கூட இல்லை, பூவராகன் எழுந்து கத்தினான்: "ராஜா சேவலுக்கே வெற்றி!"

"யோவ், இன்னும் விடவே இல்லையேய்யா!" என்றது கூட்டம்.

அப்புறம் விட்டார்கள். ராஜாவின் சேவல் நிஜமாகவே பறந்து பறந்து அடித்தது. உலகன் சேவல் களத்தை விட்டே ஓடியது.

ராஜா தோளில் சேவலோடு சுற்றி வந்தார். ஒரு பொரி விழவில்லை.

"உண்மையாவே ஜெயிச்சதுப்பா! நீங்களே பாத்தீங்கல்ல?"

சனங்கள் பொரியை மடியில் முடிந்துகொண்டார்கள். உலகன் மட்டும் கும்பிட்டார். "நீங்க சொன்னா சரிதானுங்க, மகாராஜா."

ராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மீதிச் சுற்றைத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அரண்மனைக்கு வந்ததும் அமைச்சர் மேல் பாய்ந்தார். "நீதானே அவனை அங்க உட்கார வெச்சே!"

"நான் சேவலுக்குத்தான் வெச்சேன் மகாராஜா. நீங்க காத்தாயி வழக்குக்கே வைக்கப் போனீங்க."

ராஜா சேவலை இறக்கி விட்டார். பிறகு, "தேவநாதர் எங்க இருக்கார்?" என்று கேட்டார். முன்பு ராஜாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதற்காக எல்லைக் கிராமத்துக்கு விரட்டப்பட்டவர் அவர்.

ராஜாவே நேரில் போனார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் உங்க ஆள் இல்லையே?" என்றார் தேவநாதர்.

"அதனாலதான் வந்தேன்."

தேவநாதர் கேட்ட முதல் வழக்கு காத்தாயியுடையது. இரண்டு பக்கமும் கேட்டார், வாய்க்காலைப் போய்ப் பார்த்தார். "அடைச்சது தப்பு, திறந்து விடுங்க" என்றார். ராஜா உடனே ஏற்றுக்கொண்டார். பூவராகனை முன்னால் விட்டு, மழவராயரைப் பின்னால் விட்டு, இரண்டு பேரையும் வாய்க்கால் சேற்றில் இறக்கி மண்ணை அள்ளச் சொன்னார். திருமேனியாருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

அடுத்த சேவற்கட்டுக்கும் தேவநாதர்தான் தீர்ப்பு. ராஜா ஜெயித்தார். இந்த முறை மழை மாதிரி பொரி கொட்டியது. காத்தாயிகூட ஒரு கை வீசினாள்.

மடியில் சிக்கிய பொரியை ராஜா கொஞ்சநேரம் பார்த்தாராம். தின்ன முடியவில்லை. "போன தடவை என்னாலதானே உனக்குக் கிடைக்கல" என்று சேவலுக்கே போட்டுவிட்டாராம்.