எரிமணி பிடித்துவைத்த ஊதா

கற்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் அருமண் என்றொரு சிறு குலம் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு மலையில்லை, மேடில்லை. போன இடமெல்லாம் விரட்டினார்கள். அந்தக் குலத்துப் பெண் எரிமணி, நோயாளித் தம்பி துலியனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பளிங்கன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

பளிங்கன் நல்லவன். "உள்ளே ஓர் இடம் சும்மாதான் கிடக்கிறது. இருந்துகொள், அம்மா" என்றான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டான். அவன் வீட்டுக்கு எந்தப் பக்கமும் கதவு கிடையாது. தினமும் காலையில் ஒளியரசன் தன் ஏழு நிறப் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போவான்.

மறுநாள் காலையில் அவர்கள் துலியனின் பாயை மிதித்துக்கொண்டே நடந்தார்கள்.

"ஐயா, உடம்புக்கு முடியவில்லை. கொஞ்சம் ஒதுங்கிப் போங்களேன்" என்று துலியன் கெஞ்சினான்.

ஒளியரசன் சிரித்தான். "இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்ன? என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லையே!"

கடைக்குட்டி ஊதா வேண்டுமென்றே துலியனின் நெஞ்சில் எட்டி உதைத்துவிட்டு ஓடினான். பொழுது சாய்வதற்குள் துலியன் கண்ணை மூடிவிட்டான்.

எரிமணி அழவில்லை. உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய இடம், அம்மா. நாம் என்ன செய்ய முடியும்?" என்றான் பளிங்கன்.

"வழிவிட்டு வழிவிட்டே உனக்கு நிறமில்லாமல் போய்விட்டது. நான் விடமாட்டேன்" என்றாள்.

அடுத்த காலையில் அவள் நடுவழியில் நின்றாள். ஆறு பேரைப் போகவிட்டாள். ஏழாவதாக வந்த ஊதாவின் குடுமியை எட்டிப் பிடித்தாள். "அப்பா!" என்று அவன் அலறினான். அவன் திமிறிய திமிறலில் சுவரெல்லாம் அதிர்ந்தது. பிடி தளரவில்லை.

வெளியே போய்விட்ட ஒளியரசன் கத்தினான். "என் பிள்ளையை விடு! நான் யார் தெரியுமா?"

"ஆளில்லாத வீடு என்றாயே, இப்போது யாரிடம் கேட்கிறாய்?"

ஒளியரசனுக்கு நேரே போகத்தான் தெரியும், திரும்பி வரத் தெரியாது. கத்திக்கொண்டே தூரத்தில் மறைந்தான்.

ஊதாவை நசுக்கிப்போடத்தான் அவளுக்கு ஆத்திரம். ஆனால் செத்தவன் நடந்ததைச் சொல்ல மாட்டானே! "போ. போய் உன் அப்பனிடம் காட்டு. வந்தபடி மட்டும் நீ போக முடியாது" என்று கையை உதறினாள்.

திமிறித் திமிறிப் பாதி பலத்தைச் சுவரிலேயே இழந்திருந்தான் அவன். அவளுடைய கோபமும் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. வெளியே வந்தபோது ரத்தமாகச் சிவந்திருந்தான். அப்பன் போன வழி மறந்துபோய், திக்குக்கொன்றாகச் சிதறி ஓடினான். அண்ணன்மார் ஆறு பேருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை.

அன்று முதல்தான், அருமண் என்னும் அரிய உலோகம் குடியிருக்கும் பளிங்கில் ஊதா ஒளி நுழைந்தால் சிவந்து, நாலாபுறமும் சிதறி வெளியே வருகிறது. ஊதா விளக்கை அணைத்த பிறகும் அந்தச் சிவப்பு ஒரு கணம் நின்று எரிகிறதே, அது இன்னும் அடங்காத எரிமணியின் ஆத்திரம்தான்.