தேன் குடுக்கையும் ஆள்காட்டிக் குருவியும்

கோடை வந்தது. காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றிப் போயின. கரடி ஒச்சம்மாவின் குட்டிகள் இரண்டும் காய்ந்த பாறையை நக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி!" என்று அழுதன.

தண்ணீர் இல்லாமல் இல்லை. காட்டாற்று மணலுக்கு அடியில் இருந்தது. ஆனால் கரடியின் நகத்துக்கு எட்டாத ஆழம் அது. யானை தோண்டினால்தான் உண்டு. யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகிக்கு அப்போதுதான் ஒரு பேத்தி பிறந்திருந்தது.

பெரியநாயகி ஒச்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பியது: "என் பேத்தி நாக்குல சேனை வைக்க நல்ல மலைத்தேன் வேணும். இன்னைக்கு வெயில் சாயுற வரைக்கும்தான் நாங்க ஆத்துல இருப்போம். அதுக்குள்ள தேன் வந்தா உன் குட்டிகளுக்கு ஒரு ஊத்து தோண்டிக் கொடுத்துட்டுப் போறேன். வரலைன்னா எங்க வழியைப் பார்த்து நாங்க போயிடுவோம்!"

ஒச்சம்மாவிடம் தேன் இருந்தது. ஒரே ஒரு சுரைக்குடுக்கை நிறைய. பூவே இல்லாத அந்தக் கோடையில் மலை முழுக்கத் தேடினாலும் வேறு தேன் கிடையாது.

"அப்படியானால் கரடியே சுமந்துகொண்டு போகவேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி கேட்டீர்கள்! கரடியாவது, தேனைச் சுமப்பதாவது! பாதி வழியில் குடுக்கை காலியாகிவிடும். இது ஒச்சம்மாவுக்கே தெரியும். தன் நாக்கை அது ஒருநாளும் நம்பியதில்லை.

அதனால் மொக்கையன் என்ற எருமைக் கிடாவைக் கூப்பிட்டது. மொக்கையனுக்குத் தேன் பிடிக்காது. புல் தின்பதற்குத்தான் வாயைத் திறக்கும், பேச்சுக்குத் திறப்பது அபூர்வம். காட்டில் யாருடைய பண்டமானாலும் இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பிழைப்பு.

ஒச்சம்மா குடுக்கையின் வாயை மெழுகு வைத்து அடைத்தது. மேலே இலையைச் சுற்றியது. கொடியால் இரண்டு முடிச்சுப் போட்டு எருமையின் இடுப்பில் தொங்கவிட்டது. பிறகும் அதற்கு மனசு ஆறவில்லை.

"தம்பி மொக்கையா, வழியில எவனாவது பிடுங்கிட்டா?"

"அக்கா, என்கிட்ட தேன் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பிடுங்குவான்!"

இப்படிச் சொல்லிவிட்டு மொக்கையன் கொஞ்சம் சேற்றை எடுத்துக் குடுக்கைமேல் அப்பிக்கொண்டது. அதன் உடம்பு முழுக்க ஏற்கெனவே காய்ந்த சேறுதான். குடுக்கையும் அதோடு சேர்ந்து ஒரு சேற்றுக் கட்டியைப் போல ஆகிவிட்டது. மொக்கையன் வாலை ஆட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிப் போனது.

போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. ஒச்சம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்த தேன் அத்தனையும் அந்தக் குடுக்கையில் போகிறது. குட்டிகள் இரண்டும் மடியில் சோர்ந்து கிடக்கின்றன. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

பாறை உச்சியில் ஏறி நின்று பார்த்தது. மரம்தான் தெரிந்தது, எருமை தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஆள்காட்டிக் குருவி அந்தப் பக்கம் வந்தது. ஆள்காட்டியைப் பற்றித் தெரியாதவர்கள் உண்டா? ஓர் எலி நடந்தாலும் ஊரைக் கூட்டிவிடும்!

"தங்கச்சி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்!" என்றது கரடி. "மொக்கையன் தலைக்கு மேலேயே பறந்து போ. தேன் எங்க போகுது, எங்க நிக்குதுன்னு அப்பப்ப எனக்குக் கேக்குற மாதிரி சத்தம் போட்டுச் சொல்லு. உனக்கு ஒரு கரையான் புத்தையே உடைச்சுத் தர்றேன்."

"இவ்வளவுதானே அக்கா! சத்தம் போடுறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்?" என்று பறந்தது ஆள்காட்டி.

சற்று நேரத்தில் காடு முழுக்கக் கேட்டது.

"தேன் மூங்கில் காட்டுக்குள்ள போயிடுச்சு! தேன் மூங்கில் காட்டுக்குள்ள போயிடுச்சு!"

ஒச்சம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீங்களாடா? மூங்கில் காட்டுக்குப் போயாச்சாம்!" என்று குட்டிகளைத் தடவிக் கொடுத்தது. அதோடு விட்டதா? பாறைமேல் நின்றுகொண்டு அதுவும் கத்த ஆரம்பித்தது.

"குடுக்கை எந்தப் பக்கம் தொங்குது?"

"இடது பக்கம்!"

"மெழுகு உருகலையே?"

"உருகலை!"

"முடிச்சு ரெண்டும் சரியா இருக்கா?"

"முன்முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கு அக்கா!"

மூங்கில் காட்டுக்கு அந்தப் பக்கம் சங்கிலி, வீரணன் என்று இரண்டு நரிகள் பட்டினியில் படுத்திருந்தன. ஒன்றுக்கு ஒன்று மச்சான் முறை. முழுத் திருடர்கள், ஆனால் சோம்பேறித் திருடர்கள். தேடிப்போய்த் திருட அவற்றுக்கு உடம்பு வளையாது.

"மச்சான், நான் கனவு காணுறேனா?" என்றது வீரணன். "தேன் வருதாம்! இடது பக்கம் தொங்குதாம்!"

"முன்முடிச்சு தளர்ந்திருக்காம்!" என்று எழுந்து உட்கார்ந்தது சங்கிலி. "மாப்ளே, இத்தனை வருஷத் தொழில்ல இப்படி ஒரு மரியாதை நமக்கு யார் பண்ணியிருக்கா? எழுந்து வா, போகாட்டி நல்லா இருக்காது!"

மூங்கில் காட்டின் மறு ஓரத்தில் மொக்கையன் தலையை நீட்டியதோ இல்லையோ, இரண்டு நரிகளும் இடது பக்கமாகப் பாய்ந்தன. சரியாக முன்முடிச்சைப் பிடித்துக் கடித்தன. முடிச்சு அறுந்தது. மொக்கையன் வெடுக்கென்று திரும்பிப் பின்னங்காலால் ஓர் உதை விட்டது. வீரணன் புதரில் போய் விழுந்தது. சங்கிலியும் காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டே ஓடியது. குடுக்கை இப்போது ஒற்றை முடிச்சில் ஊசலாடியது.

தலைக்கு மேல் ஆள்காட்டி கத்தியது. "நரி வந்துடுச்சு அக்கா! ஒரு முடிச்சு அறுந்துபோச்சு! இனி ஒத்தை முடிச்சுத்தான்! அடுத்தது அத்திமர வழி! அத்திமர வழி!"

"ரொம்ப நன்றி தாயி!" என்று புதருக்குள்ளிருந்து முனகியது வீரணன். நரிகள் இரண்டும் குறுக்கு வழியில் அத்திமரத்தைப் பார்த்து ஓடின.

மொக்கையன் நின்றது. அந்த நாளில் முதல் தடவையாக அதற்குக் கோபம் வந்தது.

"ஏய் குருவி! வாயை மூட மாட்டியா?"

"ஏன் மூடணும்? ஒப்புக்கிட்ட வேலையில நான் வஞ்சகம் பண்ண மாட்டேன்!" என்று சிலிர்த்துக்கொண்டது ஆள்காட்டி. "அக்காவுக்குத் தெரிய வேண்டாமா?"

"அக்காவுக்கு மட்டுமா தெரியுது? அணில் வேடிக்கை பார்க்குது. குரங்கு கிளையில வரிசை போட்டு உட்கார்ந்திருக்கு. நரி எனக்கு முன்னாடி போய் இடம் பிடிச்சு வச்சிருக்கு!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? என் தொண்டை அப்படி!"

இதனிடம் பேசிப் பயனில்லை என்று மொக்கையன் வழியை விட்டு விலகி, பக்கத்திலிருந்த சரளை மேட்டில் காலை வைத்தது. அவ்வளவுதான். ஆள்காட்டியின் சத்தம் பட்டென்று நின்றது. அது சட்டென்று தாழப் பறந்து, மேட்டுக்கு எதிர்ப்பக்கம் தூரத்தில் போய் உட்கார்ந்தது. ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, "ஐயோ, இறக்கை ஒடிஞ்சுபோச்சே! இங்க வாங்க! எல்லாரும் இங்க வந்து பாருங்க!" என்று கூப்பாடு போட்டது.

மொக்கையன் குனிந்து சரளையைப் பார்த்தது. கல்லுக்கு நடுவில் கல் நிறத்திலேயே நாலு முட்டைகள் இருந்தன. மெதுவாகக் காலைப் பின்னுக்கு எடுத்தது.

"குருவி, உன் முட்டையா?"

"முட்டையா? எந்த முட்டை? எனக்கு முட்டையே கிடையாது! நான் இங்கதானே இருக்கேன்!"

மொக்கையன் சிரித்தே விட்டது. எருமை சிரித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? மரத்திலிருந்த குரங்குகள் பயந்து இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டன.

"அடி கள்ளி! உன் முட்டைன்னா அது இருக்கிற பக்கமே வாயைத் திறக்க மாட்டேங்கிற. தூரத்துல போய் நின்னு ஊரைக் கூப்பிடுற. என் தேன்னா மட்டும் தலைக்கு மேலயே நின்னு தமுக்கு அடிக்கிறியா?"

ஆள்காட்டிக்கு இறக்கை சரியாகிவிட்டது. பறந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. அதன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் அப்படி நினைச்சுப் பார்க்கலை அண்ணே," என்றது மெல்ல. "எனக்கும் நாளைக்குக் குஞ்சு பொரியும். அந்தக் கரடிக் குட்டிங்க பாவம். இப்ப நான் என்ன செய்யணும்?"

"முட்டைக்கு என்ன செய்வியோ அதையே குடுக்கைக்கும் செய்!"

ஆள்காட்டி கண்ணை உருட்டியது. உடனே மேற்குப் பக்கமாகப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து சத்தம் கேட்டது.

"தேன் வழிமாறிப் போகுது! பன்றிப் பள்ளத்துப் பக்கம் போகுது! குடுக்கை அறுந்து விழப்போகுது!"

அத்திமரத்தடியில் பதுங்கியிருந்த நரிகள் காதை நிமிர்த்தின. அந்தப் புதர்க் காட்டில் நாலடி தள்ளி நிற்பவரைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. நரிகளுக்கு ஆள்காட்டியின் வாய்தான் கண். "விழப்போகுதாம் மாப்ளே! நாம கடிக்கக்கூட வேண்டாம்!" என்று இரண்டும் மேற்கே பறந்தன.

மலைமேல் ஒச்சம்மாவுக்கும் அது கேட்டது. "ஐயோ, ஆறு கிழக்க இருக்கு, இவன் மேற்க போறானே! பாவி, குடியைக் கெடுத்தானே!" குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அது தலைதெறிக்க இறங்கி ஓடியது.

பன்றிப் பள்ளத்தில் தண்ணீர் கிடையாது. களிமண் சேறுதான் இருந்தது. அதில் ஒரு காட்டுப்பன்றி தன் எட்டுக் குட்டிகளோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "இதோ இங்கதான்! இங்கதான் விழுந்துச்சு!" என்று மேலே ஆள்காட்டி காட்டியது. நரிகள் யோசிக்காமல் குதித்தன. கழுத்துவரை சேற்றில் இறங்கித் துழாவின. வழுவழுவென்று ஏதோ கையில் அகப்பட்டது.

"கிடைச்சுடுச்சு மச்சான்! குடுக்கை!"

குடுக்கை வீல் என்று கத்தியது. அது பன்றிக்குட்டி!

அதே நேரம் ஒச்சம்மா மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து நரிகளின் மேலேயே விழுந்தது. ஆளுக்கு ஒரு கையாகக் கழுத்தைப் பிடித்தது.

"எங்கடா என் தேன்?"

"எங்ககிட்ட இல்லக்கா! சத்தியமா இல்லக்கா! நாங்களும் அதைத்தான் தேடுறோம்! சேர்ந்தே தேடலாம்கா!"

தாய்ப்பன்றி விழித்துக்கொண்டது. தேன், குடுக்கை, சேனை, ஊற்று என்று எதையும் அது விசாரிக்கவில்லை. தன் தூக்கம் போனதும் குட்டி கத்தியதும்தான் அதற்குத் தெரியும். "உறுக்!" என்று கோரைப்பல்லை நீட்டிக்கொண்டு கிளம்பியது. நரிகள் ஒரு பக்கம், கரடி ஒரு பக்கம் என்று ஓடியதைப் பார்க்க வேண்டுமே! அந்த ஓட்டத்தில் சங்கிலியின் நொண்டல்கூடச் சரியாகிவிட்டது.

ஒச்சம்மா ஓடி ஓடி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு. கண்ணெல்லாம் தண்ணீர். "தேனும் போச்சு, ஊத்தும் போச்சு! இந்தப் பச்சை மண்ணுங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டது.

குட்டிகளோ முதுகிலிருந்து குதித்து ஓடின. மணலில் பெரிய குழி ஒன்று தோண்டியிருந்தது. அதில் தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குட்டிகள் இரண்டும் தலையைக் குழிக்குள் விட்டுக் குடித்தன. வயிறு உப்பும்வரை குடித்தன. ஒச்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது.

கரையில் பெரியநாயகியின் பேத்தி உதட்டைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மொக்கையன் புல் மென்றுகொண்டிருந்தது. அதன் இடுப்பில் குடுக்கை இல்லை.

"நல்ல தேன் ஒச்சம்மா," என்றது பெரியநாயகி. "ஒரு சொட்டுக் குறையாம வந்து சேர்ந்துச்சு. மகராசியா இரு!"

ஒச்சம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. முதலில் வெளியே வந்தது கோபம்தான்.

"ஏன்டா மொக்கையா! வழி மாத்துறதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சேடா!"

மொக்கையன் வாயிலிருந்த புல்லை நிதானமாக விழுங்கியது.

"நான் வழி மாத்தலை அக்கா, நரியை ஏமாத்தத்தான் குருவி அப்படிக் கத்துச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்கலாம்தான். ஆனா நீங்க மலைமேல இருந்தீங்க. உங்களுக்குக் கேக்குற மாதிரி சொன்னா, நடுவுல இருக்கிற நரிக்குத்தானே அது முதல்ல கேக்கும்?"

ஒச்சம்மா பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு என்ன நினைத்ததோ, அந்த வாயை அப்படியே தண்ணீரில் வைத்துக் குடிக்க ஆரம்பித்தது.

பெறுமானமுள்ள பொருளை வழியனுப்பியவர், அது எங்கே போகிறதென்று ஓயாமல் கேட்டறிந்து மனம் ஆறுவதைவிட, அது போவதே திருடனுக்குத் தெரியாமல் வாயை மூடியிருப்பதுதான் சிறந்த காவல்.